சாலை உயரக் கூடாது: தெரு மட்டம் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

குடியிருப்புத் தெருக்களில் பழைய தாரின் மேலேயே புதிய தார் போடுவதை எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் இனி எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காது. இருக்கிற மேற்பரப்பைச் சுரண்டி எடுத்து, எடுத்த கனத்துக்கு மட்டுமே புதிதாகப் போட வேண்டும். ஒவ்வொரு தெருவின் மட்டமும் ஒருமுறை அளந்து பதியப்பட்டு, அதன்பின் அந்த அளவு மாறாமல் காக்கப்பட வேண்டும். இதற்கு மறுப்பாகப் பொறியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் சொல்லும் காரணங்களைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். அவற்றில் சில நியாயமானவை, அவற்றையும் பேசுகிறோம்.

வீட்டின் தரை சுற்றுப்புற நிலத்தைவிடக் குறைந்தது 45 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சென்னையில் மடிப்பாக்கம், வேளச்சேரி, கொளத்தூர் பக்கம் மனை வாங்கிக் கட்டியவர்கள் பலர் அதற்கும் மேலாக, இரண்டடிக்குக் குறையாமல் பேஸ்மட்டம் எழுப்பினார்கள். ஒருமுறை தார் போட்டால் நாலைந்து செ.மீ. ஏறும். பள்ளம் நிரப்பக் கொட்டும் ஜல்லி அதற்கு மேல். ஆறேழு முறை போட்டால் ஓரடி போய்விடும். பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் தோண்டி மூடும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கூடும். படியேறி உள்ளே போன வீடுகளுக்கு இன்று படியிறங்கிப் போகிறார்கள். வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

சென்னை தட்டையான கடலோர ஊர். நகரின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு விரற்கடை ஏற்றம்கூடத் தண்ணீரின் திசையைத் திருப்பிவிடும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்ததைப் பெருவெள்ளம் என்று ஒதுக்கிவிடலாம். எங்கள் கவலை அது மட்டுமில்லை. ஐப்பசியில் ஒரு மணி நேரம் வலுத்துப் பெய்தாலே தெருத் தண்ணீர் வாசலைத் தாண்டுகிறது. சம்ப்புக்குள் அழுக்குத் தண்ணீர் இறங்குகிறது. வீட்டுக் கழிவுக்குழாய் தெரு மேன்ஹோலைவிடத் தாழ்ந்துபோன இடங்களில் குளியலறை வழியாகச் சாக்கடை மேலேறி வருகிறது. மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் கட்டாயமாக்கியபோது மொட்டைமாடியின் சுத்தமான நீரை நிலத்துக்குள் அனுப்பத்தான் கிணறுகள் வெட்டினோம். தாழ்ந்த வீடுகளில் இன்று அந்தக் கிணற்றுக்குள் போவது ரோட்டுத் தண்ணீர்.

வீட்டுச் சந்தையும் இதைப் புரிந்துகொண்டுவிட்டது. முன்பெல்லாம் வாங்க வருகிறவர் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பார், பிறகு குடிநீர் எப்படி என்று கேட்பார். இப்போது முதல் கேள்வி, “ரோட்டுக்கு மேலயா, கீழயா?” என்பதுதான். கீழே என்றால் கட்டடத்துக்கு விலையே கிடையாது, மனைக்கு மட்டும்தான் பேரம். ஆயுள் முழுக்கத் தவணை கட்டிய ஒருவர் தன் வீட்டில் எந்தத் தவறும் செய்யாமலே அதன் மதிப்பை இழக்கிறார். அது பொதுப்பணத்தில் நடக்கிறது என்பதுதான் எங்களுக்கு எரிச்சல்.

பலர் வீட்டையே தூக்குகிறார்கள். அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டி, சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளை வைத்து, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, எழும்பிய இடைவெளியில் செங்கல் கட்டி நிரப்புவது. இதில் கைதேர்ந்த நிறுவனங்கள் பல ஹரியானாவிலிருந்து வருகின்றன. வேலையைப் பார்த்தவர்கள் அந்தத் தொழிலாளர்களின் கணக்கையும் பொறுமையையும் மெச்சாமல் இருக்க மாட்டார்கள். உறுப்பினர்கள் இதைச் செய்வதைச் சங்கம் தடுக்கவில்லை. ஆனால் இதைத் தீர்வு என்று பரிந்துரைக்கவும் மாட்டோம். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களுக்கும், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் உள்ளவற்றுக்கும் இது எளிதில் ஆகாது. கையில் சில லட்சம் இல்லாதவர்களுக்கும் ஆகாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டை யார் தூக்குவார்? இன்னொன்று, நாலடி தூக்கிய வீட்டைச் சாலை மறுபடி துரத்தாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. தூக்கும் முன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் எழுத்துப்பூர்வமான கருத்தைப் பெறுங்கள். விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சுரண்டிவிட்டே சாலை போட வேண்டும், வீடுகள் தாழ்ந்துபோகும்படி உயர்த்தக் கூடாது என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு தெளிவாக அறிவுறுத்தினார். அதற்குப் பிறகு பெரிய சாலைகளில் மேற்பரப்பைச் சுரண்டும் மில்லிங் இயந்திரம் ஓடுவதைப் பார்க்கிறோம், வரவேற்கிறோம். சிக்கல் உட்புறத் தெருக்களில். அங்கே சொல்லப்படும் காரணங்கள் மூன்று. தெரு குறுகல், இயந்திரம் நுழையாது என்பது முதலாவது. சிறிய இயந்திரங்கள் உண்டு, அதுவும் நுழையாத சந்துகளில் பழைய தாரைக் கையால் பெயர்க்கலாம், எனவே இதை ஏற்கவில்லை. சுரண்டினால் மேன்ஹோல் மூடிகள் துருத்தி நிற்கும் என்பது இரண்டாவது. உண்மைதான். அப்படியானால் மூடிகளை இறக்கி அமைக்கும் வேலையையும் அதே எஸ்டிமேட்டில் சேர்க்க வேண்டும். சாலை ஒரு துறை, மூடி இன்னொரு துறை என்பது குடியிருப்பவரின் பிரச்சினை அல்ல.

மூன்றாவதுதான் கனமானது. பலமுறை தோண்டி மூடிய தெருவில் அடித்தளமே கெட்டிருக்கும், மேலே சுரண்டினால் மொத்தமும் கலைந்துவிடும் என்கிறார்கள் பொறியாளர்கள். இதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு வேறு: அப்படிப்பட்ட தெருவை முழுக்கத் தோண்டி, அடித்தளத்தைப் புதிதாக இட்டு, பழைய மட்டத்துக்கே கொண்டுவர வேண்டும். செலவு கூடும், நாளும் கூடும். எண்ணிக்கையில் குறைவான தெருக்களே அந்த ஆண்டு முடியும் என்றாலும் எங்கள் உறுப்பினர்கள் காத்திருக்கத் தயார். கெட்டுப்போன அடித்தளத்தின் மேல் பளபளக்கும் மேல்தோல் எப்படியும் அடுத்த மழைக்கு உரிந்துவிடும்.

எஸ்டிமேட்டில் மில்லிங் இருக்கும், தெருவில் இருக்காது என்கிற புகாரும் எங்களுக்கு வருகிறது. இதற்கு ஒரே மருந்து அளவுதான். வேலைக்கு முன்பும், சுரண்டிய பின்பும், தார் போட்ட பின்பும் என மூன்று முறை தெருவின் மட்டத்தை எடுத்து அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதும்போது தெருவாசி ஒருவராவது உடன் நிற்க வேண்டும். கடல் மட்டத்தோடு ஒப்பிட்ட உயரக்குறி ஒன்றைத் தெருவின் இரு முனையிலும் கல்லிலோ நிரந்தரமான சுவரிலோ பதிக்க வேண்டும். இப்படி ஒரு குறி இல்லாததால்தான் ஒவ்வொரு தகராறும் “போன தடவை இவ்வளவுதான் இருந்தது”, “இல்லை” என்று முடிகிறது.

மழைநீர் வடிகாலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல தெருக்களில் வடிகாலின் மேல்தளம் சாலையைவிட உயரமாகக் கட்டப்படுகிறது. பிறகு அதற்குச் சமமாகச் சாலையை ஏற்றுகிறார்கள். வடிகாலின் மட்டத்தைச் சாலையும் வீடுகளும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டுமே தவிர, வடிகாலுக்காக மற்றவை ஏறக் கூடாது. தண்ணீர் உள்ளே இறங்கும் துளை சாலையின் தாழ்ந்த விளிம்பில் இல்லாவிட்டால் வடிகாலைக் கட்டியும் பயனில்லை.

இனி நம் வீட்டுக் கணக்கு. வண்டி ஏற வசதியாகக் கேட்டுக்கு வெளியே சாலைக்குள் நீளும் சிமெண்ட் சாய்தளங்களைச் சங்கம் ஆதரிக்காது. அவை தெருவோரத் தண்ணீரை மறித்து அடுத்த வீட்டுக்குத் தள்ளுகின்றன. சுரண்டும் இயந்திரத்தையும் ஓரத்தில் அண்டவிடுவதில்லை. சாய்தளம் மதிலுக்கு உள்ளே இருக்கட்டும். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுபவர்கள் மனை முழுவதும் லாரி லாரியாக மண் கொட்டி நாலடி உயர்த்துவதையும் ஏற்க மாட்டோம். அந்த மனையில் நின்ற தண்ணீர் எங்கேயோ போக வேண்டும், அது பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறது. உயரம் வேண்டுமானால் தூண் எழுப்பிக் கட்டுங்கள். கீழே வண்டி நிற்கும், மழைத் தண்ணீருக்கும் இடம் கிடைக்கும். இதில் உறுப்பினர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. “என் மனை, என் மண்” என்று வாதிட்டவர்கள் உண்டு. பெரும்பான்மையின் முடிவையே இங்கே எழுதியிருக்கிறோம்.

2022 நவம்பர் 1 முதல் மாநகராட்சிகளில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. எங்கள் பகுதியின் அடுத்த சபையில் உயரக்குறிகள் பதிக்கக் கோரும் தீர்மானத்தை முன்வைப்போம். அதற்குமுன் ஒவ்வொரு தெருவிலும் உறுப்பினர்கள் ஒரு சிறு வேலை செய்ய வேண்டும்: வாசற்படியிலிருந்து சாலை நடு வரை உள்ள ஏற்ற இறக்கத்தை டியூப் லெவல் (நீர்மட்டக் குழாய்) வைத்து அளந்து, தேதி தெரியும் புகைப்படத்துடன் சங்கச் செயலாளரிடம் தாருங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் தரலாம், தரைத்தளத்தில் தண்ணீர் புகும்போது முதலில் நனைவது பெரும்பாலும் அவர்கள் சாமான்தான். உங்கள் தெருவில் வேலை தொடங்கினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எஸ்டிமேட்டின் நகலைக் கேட்கும் மனுவைச் சங்கமே எழுதித் தரும். மில்லிங் எழுதப்பட்டிருந்தும் சுரண்டாமல் தார் வண்டி வந்து நின்றால், வேலையை நிறுத்தி வார்டு பொறியாளரை அழைக்கும்படி சங்கம் எழுத்துமூலம் கேட்கும். சாலை போட வந்த தொழிலாளர்களோடு யாரும் வாக்குவாதத்தில் இறங்க வேண்டாம். முடிவெடுப்பவர்கள் அவர்கள் அல்ல.