லேசான பாடம் எண்டு ஒண்டு இல்லை

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு எங்கட வீடுகளில் ஒரு கணக்குத் தொடங்கும். மருத்துவம், பொறியியல் எண்டு போற பிள்ளைக்குப் பாடங்கள் ஏற்கெனவே முடிவான விசயம். கலைப்பிரிவுக்கு வாற பிள்ளைக்குத்தான் பெரிய பட்டியல்: தமிழ், புவியியல், வரலாறு, அரசியல் விஞ்ஞானம், அளவையியல், இந்து நாகரிகம், நாடகமும் அரங்கியலும், சித்திரம், சங்கீதம். அந்தப் பட்டியலைக் காட்டி "உனக்கு எது விருப்பம்?" எண்டு கேக்கிற ஆக்கள் குறைவு. "எதில லேசா ஏ வரும்?" எண்டதுதான் கேள்வி. கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் சொல்ல வாறது, அந்தக் கேள்வியே பிழை எண்டு.

ஏன் பிழை? பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிறது ஏ, பீ, சீ இல்லை. 2001 இலிருந்து அது இசெட் புள்ளி. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லாரின்ரயும் சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரிப்பினம். மூன்று பாடத்துக்கும் அப்படி வாறதின் சராசரிதான் உங்கட இசெட் புள்ளி.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்பம். ஒரு "லேசான" பாடத்தில் சராசரி 68, நியம விலகல் 12. நீங்கள் 80 எடுத்து ஏ வாங்குறீங்கள். இசெட் 1.0. ஒரு "கஸ்ரமான" பாடத்தில் சராசரி 40, நியம விலகல் 15. உங்கட சிநேகிதி 64 எடுத்து சீ வாங்குறா. அவவின்ர இசெட் 1.6. வீட்டில கேக் வெட்டுறது உங்களுக்கு, முன்னுக்கு நிக்கிறது அவ. எல்லாருக்கும் லேசான பாடம் எண்டால், அதில் நீங்கள் எடுக்கிற ஏ உங்களைப் பெரிசா உயர்த்தாது.

அப்ப கஸ்ரமான பாடத்தை எடுத்தால் சரியா? அதுவும் இல்லை. ஒரு பாடத்துக்கு நல்லாப் படிக்கிற பிள்ளைகளே கூடுதலாய் வந்தால், அந்தக் கூட்டத்துக்குள்ளதான் உங்களை அளப்பினம். அளக்கிற கூட்டம் எவ்வளவு முக்கியம் எண்டதை 2011 காட்டினது. பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் ஒரே பரீட்சைக் காலத்தில் தோற்ற, ரெண்டு கூட்டத்தையும் சேர்த்து இசெட் புள்ளி கணிச்சதால் வந்த பிரச்சினை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. 2012 இல் அந்தக் கணிப்பு செல்லாது எண்டு தீர்ப்பு வந்தது.

ஆக, எந்தப் பாடத்தின் சராசரி எவ்வளவாய் இருக்கும் எண்டு பரீட்சைக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஒருத்தருக்கும் தெரியாது, ரியூசன் சேருக்கும் தெரியாது. தெரியாத எண்ணை வைச்சுப் பாடம் எடுக்கிறது கணக்கில்லை, சூது.

இதால ராங்க் முக்கியமில்லை எண்டு நாங்கள் சொல்லேல்லை. காசு கட்டிப் படிக்க வழியில்லாத வீடுகளுக்கு வெட்டுப்புள்ளிதான் வாசல். அனேகமான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் எண்டு இடங்களைப் பிரிக்கினம். அதால மாவட்ட நிலையில் கொஞ்சம் கீழ இறங்கினாலும் கிடைக்கிற துறையும் ஊரும் மாறும். அந்தப் பயம் பொய் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து லேசான பாடம் இல்லை. ரெண்டு வருசம் சலிக்காமல் படிக்கக்கூடிய பாடம்தான்.

உள்ள வந்த பிறகும் கணக்கு முடியாது. முதல் வருசத்தில் மூன்று பாடம் படிச்சு, அந்தப் பெறுபேற்றை வைச்சுத்தான் சிறப்புக் கலைக்கு எடுப்பினம். புள்ளிக்காக ஒரு பாடத்தை எடுத்து, குறிப்பைப் பாடமாக்கி ஏ எடுத்த ஆள், இங்க அதே பாடத்தில் ஒரு முழுப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னால் திணறுறதை எங்கட வகுப்புகளில் பார்க்கிறம். பிறகு அங்கயும் அதே கேள்வி: "எந்தச் சேர் புள்ளி போடுவார்?"

இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லேலாது. அளவையியலுக்கு ரீச்சர் இல்லாத பள்ளிக்கூடத்தில் அளவையியல் "விருப்பத் தெரிவு" ஆகாது. நேரசூசியில் இருக்கிறதுதான் தெரிவு. சந்தியில் கட்டுற பதாகைக்கு மூன்று ஏ வேணும் எண்டு, பிள்ளை கேட்ட பாடத்தை மறிச்சு வேற பாடத்தில் இருத்துற அதிபர்மாரும் இருக்கினம். பதாகை ஒரு மாசத்தில் வெளிறிப் போகும். பிள்ளை அந்தப் பாடத்தோட ரெண்டு வருசம் இருக்கோணும்.

இந்த வருசம் பாடம் தெரிவு செய்யிற தம்பி, தங்கச்சிமாருக்கு நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதலில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை எடுத்து, நீங்கள் நினைக்கிற கற்கைநெறிக்கு எந்தப் பாடம் கட்டாயம் எண்டு பாருங்கோ. கலைப்பிரிவில் எந்த மூன்றையும் விரும்பினபடி சேர்க்கலாம் எண்டும் இல்லை, அந்த விதிகளும் அதிலயே இருக்கு. அடுத்தது, நூலகத்தில் கடந்தகால வினாத்தாள் ரெண்டை எடுத்து வாசியுங்கோ. விடை தெரியத் தேவையில்லை. அந்தக் கேள்விகளுக்கு விடை தேட மனம் வருதா எண்டு மட்டும் பாருங்கோ. மூன்றாவது, ரியூசன் இல்லாட்டியும் இந்தப் பாடத்தைப் படிப்பனா எண்டு உங்களையே கேளுங்கோ. மூன்று பாடத்துக்கும் ஓம் வராது. ரெண்டுக்காவது வரோணும்.

அம்மா அப்பாவோட இதைக் கதைக்கேக்க "விருப்பம்" எண்டு மட்டும் சொன்னால் எடுபடாது. மேல இருக்கிற 80, 64 கணக்கை ஒரு துண்டுப் பேப்பரில் போட்டுக் காட்டுங்கோ.