வீட்டோடு திடலும் வேண்டும்

காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளிக் கொட்டகை 1933-ல் அமெரிக்காவில் தோன்றியது. சிங்கப்பூர் ஜூரோங்கில் 1971-ல் திறக்கப்பட்ட அத்தகைய கொட்டகை 1985-ல் மூடப்பட்டது.

ஜுரு வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த நமக்குக் கார் ஏது? நமக்கு வாய்த்தது திடல். இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டுவார்கள். சாக்கை விரித்துக் குடும்பத்தோடு அமர்வோம். நாற்காலி துரைக்கும் கிராணிமாருக்கும் என்றிருந்த காலம் அது. ஆயினும், விளக்கணைந்தபின் எழுந்த சிரிப்பில் மேல் கீழ் இருந்ததில்லை. படம் தொடங்குமுன் பால்வெட்டுக்காரர்கள் கூலியையும் குறைகளையும் பேசிக்கொண்டதும் அங்கேதான்.

இன்று பால்மரங்கள் நின்ற இடங்களில் தொழிற்சாலைகளும் வீடமைப்புகளும் எழுந்துள்ளன. லயங்களை விட்டு அடுக்குமாடிக்குச் சென்றவர்கள் ஆளுக்கொரு கைப்பேசியில் தனித்தனியே படம் பார்க்கிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கூடி உட்கார இடமில்லாத மக்கள் கூடிக் கேட்கவும் மறந்துவிடுவார்கள்.

எனவே, தோட்டம் கைமாறும்போது நட்டஈட்டையும் வீட்டையும் மட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது. பொதுத் திடல் ஒன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். தொழிலாளரும் கிராணிமாரும் இதை ஒரே குரலில் கேட்போம்!