வீழ்ந்த கட்டடங்களும் பொறியியற் கல்வியும்

நம் புதுவைக் கடற்கரையில் 1870-71-ல் எழுந்த மேரிக் கட்டடம், 2014 நவம்பர் 29-ல் பெருமழையில் இடிந்து வீழ்ந்தது. அதன் தளர்ச்சி ஊரறிந்த செய்தியே. செப்பனிட வேண்டுமென்ற பேச்சு நெடுநாள் நடந்தது. பேச்சு முடியுமுன் கட்டடம் முடிந்தது. பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பப்பட்டு, இன்று அழகுற நிற்கின்றது. அதனால் பழைய பிழை மறக்கப்படுமோ என்பதே நமது அச்சம்.

அவ்வாண்டு ஜூன் 28-லோ, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டி முடியாத 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். மாண்டோரிற் பலர் பிழைப்பு நாடி வந்த கூலியாட்கள். தூண்கள் பாரத்துக்கு ஏற்ப அமையவில்லையென்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். பின்னரன்றோ கண்டனர்!

நம் பொறியியல் மாணாக்கர் தூண் தாங்கும் பாரத்தைக் கணிக்கக் கற்கின்றனர். கணக்கு ஒவ்வாதவிடத்து, 'வேலையை நிறுத்துக' என்று முதலாளியிடம் உரைக்கக் கற்கின்றிலர். இதற்கு நீதிபோதனை வகுப்பொன்று போதாது; அதில் உறங்குவோரை நாம் அறிவோம். ஆதலின் இவ்விரு வீழ்ச்சிகளையும் பாடமாக வைத்தல் வேண்டும் என்பது நமது துணிபு. வரைபடத்தை மாணாக்கர் கையில் தந்து, எந்நாளில், எவர் கையொப்பமிட மறுத்திருப்பின் இது நின்றிருக்கும் என்று வினவுக. மேரியைப் பற்றிய பாடத்தை அதன் வாயிலில் நின்றே நடத்தலாம். நடந்து செல்லுந் தூரந்தானே.