சல்லடையில் காணாமல் போகும் தூள்

இடியாப்பத்திற்கு மாவு சலிப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மெல்லிய மாவு கீழே விழும், கப்பி மேலே நிற்கும். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு தூளின் துகள் அளவை அளப்பதும் அடிப்படையில் இதே வேலைதான். என்ன, அங்கே ஒரு சல்லடைக்குப் பதில் ஆறேழு சல்லடைகள் அடுக்காக இருக்கும். பெரிய கண் மேலே, சிறிய கண் கீழே, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தட்டு.

உதாரணமாக 425, 300, 212, 150, 106, 75 மைக்ரான் என்று அடுக்கலாம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். 100 கிராம் தூளை மேல் சல்லடையில் கொட்டி, அடுக்கை எந்திரத்தில் வைத்துக் குலுக்கி, ஒவ்வொன்றிலும் தங்கியதை எடை போட வேண்டும். அவ்வளவுதான்.

சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. எல்லா எடைகளையும் கூட்டினால் 100 வராது. 98 வரும், 97.6 வரும். மீதி எங்கே? கொஞ்சம் காற்றில் பறந்திருக்கும், கொஞ்சம் வலைக் கண்களில் சிக்கியிருக்கும். இது இயல்பு. அமெரிக்க மருந்துத் தரநூலே 5 சதவீதம் வரை இழப்பை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ரெக்கார்டு நோட்டில் மட்டும் கூட்டுத்தொகை அச்சடித்தாற்போல் 100.0! காணாமல் போன இரண்டு கிராம் சத்தமில்லாமல் அடித்தட்டின் கணக்கில் ஏறிவிடுகிறது.

மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 100 வந்தால் முழு மதிப்பெண், 97 வந்தால் திட்டு என்றிருந்தால் யார்தான் 97 என்று எழுதுவார்கள்?

இரண்டு கிராம்தானே என்று தோன்றலாம். தட்டில் உண்மையில் இருந்தது 3 கிராம், எழுதியது 5 கிராம் என்றால் நுண்துகளின் பங்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடிவிட்டது.

மருந்துத் துறையில் துகள் அளவு விளையாட்டல்ல. படர்தாமரைக்குத் தரப்படும் கிரிசியோஃபுல்வின் தண்ணீரில் எளிதில் கரையாது. அதைச் சில மைக்ரான் அளவுக்கு நுணுக்கியபோது ஏறக்குறைய பாதி டோஸே போதுமானதாக இருந்தது. துகள் சிறிதானால் மேற்பரப்பு கூடும், உடலில் சேர்வதும் கூடும். அவ்வளவு நுண்ணிய தூளைச் சல்லடையால் அளக்க முடியாது, லேசர் கருவி வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கருவி எதுவானாலும் எண்ணை எழுதுவது மனிதர்தானே! கூட்டுத்தொகைக்காக எடையைத் திருத்திப் பழகிய கை, நாளை மாத்திரைத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு அறையில் திருத்தாமல் இருக்குமா?

இதற்குத் தீர்வு எளிது. ரெக்கார்டு அட்டவணையில் 'இழப்பு' என்று ஒரு கட்டம் போட வேண்டும். அதை உள்ளபடி எழுதியவருக்கு மதிப்பெண் தர வேண்டும். இழப்பு 5 சதவீதத்தைத் தாண்டினால், திட்டாமல் மறுபடி சலிக்கச் சொல்ல வேண்டும்.

97.6 என்று எழுதிய நோட்டுதான் 100.0 என்று எழுதிய நோட்டைவிட நம்பத் தகுந்தது.