மர எழுத்தும் நம் ஆய்வுலகமும்

மர எழுத்தின் வரலாற்றை 1827இல் நியூயார்க்கின் டேரியஸ் வெல்சோடு தொடங்குவது நம் கருத்தரங்குகளில் சடங்காகிவிட்டது. இயந்திரத்தால் பெருமளவில் செய்ததே அவர் சாதனை. மரத்தில் எழுத்து வெட்டியதன்று. சீனத்து வாங் சென் அதற்கும் ஐந்நூறு ஆண்டுகள் முந்தியவர். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கீச அகராதிக்கு மர எழுத்து வெட்டியவர் இக்னேசியஸ் ஆச்சாமணி. நம் பாடத்திட்டங்களுக்கு அப்பெயர் தெரியுமா?

பெரிய அளவில் ஈய எழுத்து கனக்கும், விலையும் மிகும். ஆதலால் சுவரொட்டிக்கு மரமே உகந்தது. தமிழும் தெலுங்கும் அருகருகே வாழும் சித்தூரிலும் திருப்பதியிலும் மூடப்படும் சிற்றச்சகங்களை எட்டிப்பாராமல், நூல்களின் முகப்புப் பக்கங்களை மட்டும் கொண்டு அச்சு வரலாறு எழுதுவது சோம்பல். திருக்காளத்திக்கு அருகே மாதவமாலாவில் இன்றும் மரம் செதுக்குகிறார்கள். ஒரு பெட்டி எழுத்தை அவர்கள்முன் வைத்து, 'இது எம்மரம், எவ்வுளி?' என்று கேட்ட ஆய்வேடு ஒன்றையேனும் காட்டுங்கள்.