புரொஜெக்டர் திரை: நடு சோபாவுக்கு மட்டும்தானா?

வில்லியனூர் பக்கத்தில் இருக்கும் பெரியப்பா வீட்டில் போன பொங்கலுக்கு ஹோம் தியேட்டர் திறப்பு விழா. கிண்டல் இல்லை, நிஜமாகவே சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள். புரொஜெக்டர், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் வாங்கி அனுப்பியது. திரை மட்டும் டவுனில் ஒரு கடையில் எடுத்தது. விலை 28,000 ரூபாய். "கெயின் 2.4 சார், சாதா திரையைவிட ரெண்டரை மடங்கு வெளிச்சம்" என்று கடைக்காரர் சொன்னதைப் பெரியப்பா வருகிறவர்களிடம் எல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

படம் ஓட ஆரம்பித்தது. சோபா நடுவில் பெரியப்பா, பக்கத்தில் நான். பளபளவென்று இருந்தது, பொய் சொல்லக் கூடாது. இடையில் தண்ணீர் குடிக்க எழுந்து அடுப்படி வாசல் பக்கம் போனேன். அங்கேதான் பெரியம்மா, இரண்டு அத்தைகள், ஆயா எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் வேறு படம்! எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஓரம் சுமாராகத் தெரிகிறது, எதிர் ஓரம் அந்தி சாய்ந்த மாதிரி மங்கிக் கிடக்கிறது. ஆயா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன்டா, வோல்டேஜு கம்மியா வருதா?"

வோல்டேஜ் எல்லாம் சரியாகத்தான் வந்தது ஆயா. உன் வெளிச்சத்தை எடுத்துப் பெரியப்பாவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நான் படிப்பது இயற்பியல், மூன்றாம் வருடம். படித்ததில் உருப்படியாக எதுவும் மனதில் நிற்கவில்லை என்றாலும் ஆற்றல் அழியாது, புதிதாக ஆக்கவும் முடியாது என்ற ஒரு வரி நிற்கிறது. திரை என்பது கரண்டு இல்லாத ஒரு பரப்பு. அது எப்படி ரெண்டரை மடங்கு வெளிச்சத்தை உண்டாக்கும்? உண்டாக்காது. நாலா பக்கமும் போக வேண்டிய ஒளியைக் குவித்து நடுவுக்கு அனுப்பும், அவ்வளவுதான். கெயின் என்ற எண்ணை அளப்பதே திரைக்கு நேர் எதிரே நின்றுதான். மக்னீசியம் கார்பனேட் போன்ற சீரான வெள்ளைப் பரப்பை 1 என்று வைத்துக்கொண்டு, அதைவிட எத்தனை மடங்கு என்று சொல்வார்கள். கடையில் நம்மை நிற்க வைத்துக் காட்டுவதும் அதே இடத்தில்தான். ஓரமாகப் போய் நின்று பாருங்கள் என்று எந்தக் கடைக்காரராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

திரையோடு வரும் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. அதில் பாதி ஒளிக்கோணம் என்று ஒன்று போட்டிருப்பார்கள். எந்தக் கோணத்துக்குப் போனால் வெளிச்சம் பாதியாகக் குறையும் என்பது அதன் அர்த்தம். கெயின் ஏற ஏற இந்தக் கோணம் சுருங்கும். கெயின் 2 உள்ள திரையில் அந்தக் கோணம் 30 டிகிரி என்று வையுங்கள். 30 டிகிரியில் உட்கார்ந்தவருக்குக் கிடைப்பது 1, அதாவது சாதா வெள்ளைச் சுவர் தருகிற அளவு. அதற்கும் வெளியே உட்கார்ந்தவருக்குச் சுவரைவிடக் குறைவு. பெரியப்பா வீட்டில் அடுப்படி வாசல், திரையில் இருந்து ஏழடி பின்னாலும் நடுக்கோட்டில் இருந்து ஆறடி தள்ளியும் இருக்கிறது. கணக்குப் போட்டால் 40 டிகிரி. திரையின் எதிர் ஓரத்துக்கு 54. காசு கொடுத்து வாங்கிய திரையில், வெறும் சுவரில் பார்ப்பதைவிட மட்டமான படத்தைத்தான் அந்த நாலு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லாம்பர்ட் என்ற ஐரோப்பியர் 1760-லேயே ஒளியை அளப்பது பற்றிப் புத்தகம் போட்டுவிட்டார். மினுமினுப்பே இல்லாத நல்ல வெள்ளைப் பரப்பை எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் ஒரே பிரகாசமாகத் தெரியும் என்பது அவர் பெயரில் வழங்கும் விதியில் இருந்து வருவது. சுண்ணாம்பு அடித்த சுவர், சலவை வேட்டி எல்லாம் கிட்டத்தட்ட இந்த ஜாதி. நடுவில் இருப்பவர், ஓரத்தில் இருப்பவர் என்ற பேதம் அதற்குத் தெரியாது. எனக்குப் பிடித்த விஞ்ஞானி :-)

"அதெல்லாம் சரி, வீட்டு புரொஜெக்டருக்கு வெளிச்சம் பத்தாதே, கெயின் வேண்டாமா?" என்பார்கள். பத்துமா என்று கணக்குப் போட்டே பார்ப்போம். அந்தக் காலத்து பிலிம் தியேட்டருக்கு வகுத்திருந்த அளவு 16 ஃபுட்-லாம்பர்ட் (ஆமாம், அதே லாம்பர்ட்தான்). இப்போதைய டிஜிட்டல் தியேட்டருக்கு 14. 100 அங்குலத் திரை என்றால் 87 அங்குல அகலம், 49 அங்குல உயரம், கிட்டத்தட்ட 30 சதுர அடி. கெயின் 1 உள்ள பரப்பில் 16 வேண்டுமென்றால் 30-ஐ 16-ஆல் பெருக்குங்கள். 480 லூமென். பெரியப்பா புரொஜெக்டரில் 2000 என்று போட்டிருக்கிறது. சினிமா மோடில் வைத்தால் பாதிதான் வரும் என்றே கொள்வோம், அப்போதும் தேவைக்கு இரண்டு மடங்கு இருக்கிறது. இதற்கு மேல் 2.4 எதற்கு? கண் கூசவா?

பெட்டியில் 9000 என்று அச்சடித்து மலிவாக விற்கும் குட்டி புரொஜெக்டர்களின் கதை வேறு. அந்த எண்ணை நம்பாதீர்கள், ஆன்சி லூமென் எவ்வளவு என்று கேளுங்கள். 200 என்று வந்தால் படத்தை 65 அங்குலமாகச் சுருக்குங்கள். பன்னிரண்டரை சதுர அடி, 200 லூமென், மறுபடியும் அதே 16. திரைக்குப் பணம் கொட்டுவதற்குப் பதில் புரொஜெக்டரை இரண்டு தப்படி முன்னால் நகர்த்தினால் முடிந்தது வேலை. ஆனால் நம் ஆட்களுக்கு இன்ச் குறைந்தால் மானம் போய்விடும்.

வெள்ளித்திரை என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது தெரியுமோ? ஆரம்ப காலத்தில் விளக்குக்கு வலு இல்லாததால் திரையில் நிஜமாகவே வெள்ளி நிறப் பூச்சு பூசினார்கள். விளக்குகள் பலமானதும், ஓரத்து சீட்டுக்காரர்களுக்கு மங்குகிறது என்று அதைக் கைவிட்டு வெள்ளைக்கு மாறினார்கள். துருவமுனைக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் 3டி படங்களுக்கு மட்டும் அது இன்னும் தேவைப்படுகிறது. தியேட்டர்காரன் எப்போதோ தூக்கிப் போட்டதை 28,000 கொடுத்து வாங்கி வீட்டில் மாட்டுகிறோம்.

நம் ஊரில் திரை என்றாலே ஒரு பக்கம் இருந்து பார்க்கிற சமாச்சாரம் கிடையாது. திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து நடக்கும்போது இரண்டு பேர் வேட்டியைத் திரையாகப் பிடிக்க, வேஷக்காரர் பின்னால் இருந்து ஆடிக்கொண்டு வருவார். சனம் மூன்று பக்கமும் உட்கார்ந்திருக்கும். திருவிழாவில் தெருவை அடைத்து வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டால், துணிக்குப் பின்னாலும் ஒரு கூட்டம் உட்காரும். அந்தப் பக்கம் எழுத்தெல்லாம் தலைகீழாக, இல்லை, இடவலம் மாறித் தெரியும். நானே அப்படிப் பார்த்திருக்கிறேன். கதாநாயகன் இடது கையால் சண்டை போடுவார், நமக்கென்ன. அப்படிப்பட்ட ஊரில், நடுக்கூடத்தில், ஒற்றை ஆள் பார்க்கும் திரையைக் கொண்டுவந்து மாட்டலாமா என்பதுதான் என் கோபம்.

சரி, என்ன செய்யலாம்? சுவர் நன்றாக இருந்தால் சுவரே போதும். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, ப்ரைமர் அடித்து, மேட் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட் ரோலரில் உருட்டுங்கள். பெயிண்ட் கடையில் ஷீன், சில்க் என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். மினுக்கினால் மறுபடியும் அதே நோய். சுற்றி மூன்று அங்குலத்துக்குக் கறுப்பு வெல்வெட் ஒட்டினால் படம் சட்டென்று எழுந்து நிற்கும்.

எங்கள் வீட்டில் சுவர் உதவவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அது முடிவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணை பெருகி, பாகூர் பக்கம் ஊருக்குள் வெள்ளம். சுவர் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்துவிட்டது. எத்தனை கோட் அடித்தாலும் உரியும். அதனால் துணி. ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, மொத்தமான வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினோம். அகலம் 60 அங்குலம் உள்ள துணியாகப் பார்த்து வாங்கிப் படுக்கைவாட்டில் ஓட்டினால் 49 அங்குல உயரத்துக்கு நடுவில் தையலே வராது. பின்னால் ஒரு கறுப்புத் துணி. மொத்தச் செலவு 1,650 ரூபாய். மழைக்காலம் வந்தால் கழற்றிப் பரணில் வைத்துவிடலாம். அம்மா, துணி பளிச்சென்று இருக்கட்டுமே என்று நீலம் போடப் போனார்கள், ஓடிப்போய்ப் பிடுங்கினேன். நடிகர்கள் எல்லாம் கிருஷ்ண பரமாத்மா நிறத்தில் வந்திருப்பார்கள்.

(துணி வாங்கும்போது தாத்தா ஞாபகம் வந்தது. 1898-ல் ஆரம்பித்த ஆங்கிலோ பிரெஞ்ச் மில்லில் வேலை பார்த்தவர். அந்த மில்லை 2020-ல் மூடினார்கள். துணி நெய்து கப்பலேற்றிய ஊர்க்காரர்கள், படம் பார்க்க பிளாஸ்டிக் திரை தேடி அலைகிறோம்.)

உண்மையில் பணம் போட வேண்டிய இடம் திரையே அல்ல, அறை. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. ஒளி படாத இடம்தான் கறுப்பு. கிளிப்பச்சையிலும் ரோஸிலும் சுவர் அடித்து, தரைக்குப் பளபள டைல்ஸும் போட்டுவிட்டு, திரையில் பட்ட ஒளி அங்கெல்லாம் தெறித்துத் திரும்பி வந்து கறுப்பைச் சாம்பலாக்கினால் 2.4 வந்து காப்பாற்றாது. திரைக்கு இரு பக்கமும் மேலேயும் கறுப்போ கரும்பழுப்போ அடியுங்கள். முடியாதா, பழைய போர்வையைத் தொங்க விடுங்கள். தரையில் கோரைப்பாய் விரியுங்கள்.

எல்லாத் திரையும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. சுவருக்கு ஒட்டினாற்போல் வைக்கிற புரொஜெக்டருக்கு ஒளி கீழிருந்து உரசிக்கொண்டு போகும், சுவரில் சின்ன மேடு இருந்தாலும் நிழல் விழும். அதற்குத் தட்டையான நல்ல திரை வேண்டும்தான். பட்டப்பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கென்றே வெளி ஒளியைத் தடுக்கும் திரைகளும் இருக்கின்றன, வேலையும் செய்கின்றன. பல மாடல்களில் அங்கேயும் ஓரத்து ஆளுக்குத்தான் அடி. பகலில் பார்க்க டிவி இருக்கிறதே சாமிகளா.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "28,000 போட்டதைச் சுருட்டி வைக்கச் சொல்றியா?" என்றார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. ஆனால் போன மாதம் போனபோது சோபா நடுவில் ஆயா உட்கார்ந்திருந்தார். பெரியப்பா அடுப்படி வாசலில் முறத்தோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

பின்குறிப்பு: நம் படங்கள் பெரும்பாலும் ஸ்கோப். தமிழில் 1973-ல் ராஜ ராஜ சோழனோடு ஆரம்பித்த வழக்கம். கடைத் திரைகளோ 16:9. 87 அங்குல அகலத்தில் ஸ்கோப் படத்தின் உயரம் 37 அங்குலம்தான் வரும், மேலே ஆறும் கீழே ஆறும் வீண். இரண்டு மெல்லிய பலகைகளில் கறுப்புத் துணி சுற்றி அங்கே செருகி வையுங்கள். கிரிக்கெட் வந்தால் எடுத்துவிடலாம்.