குளிரின் மேல் பழி, கோடையின் குற்றம்

ஜனவரித் தில்லியில், மூடுபனி விலகாத காலைகளில், பல்கலைக்கழகக் குடியிருப்புகளில் ஆண்டுதோறும் கேட்கும் ஓசை ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்று மட்டும் ஒலித்துக் கார் அசையாமல் நிற்கும். உரிமையாளர் வழங்கும் தீர்ப்பும் ஆண்டுதோறும் ஒன்றே: “குளிர் பேட்டரியைக் கொன்றுவிட்டது.” மின்வேதியியல் கற்பிக்கும் பேராசிரியரும் அதையேதான் சொல்கிறார். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் ஈய சேமிப்பு மின்கலத்தின் வினைகளை எழுதி முழு மதிப்பெண் பெற்ற தலைமுறை, அதே மின்கலம் தன் காரின் பானட்டுக்கு அடியில் இருப்பதை மறந்துவிடுகிறது.

அந்தத் தீர்ப்பு தவறானது, அதைவிட, வசதியானது. பருவத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் பராமரிக்காதவர் மேல் பழி விழாது.

பேட்டரியைக் கொல்வது பெரும்பாலும் கோடை. மே, ஜூன் மாதங்களில் தில்லியின் வெப்பம் 45 டிகிரியை எட்டும்போது, பானட்டுக்கு அடியில் அது மேலும் கூடுகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி உயர்ந்தால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது துறையினர் கைக்கொள்ளும் பொதுவிதி. நேர்மின் தகடுகளின் சட்டகம் அரிக்கப்படுகிறது. அமிலக் கரைசலிலிருந்து நீர் குறைகிறது. கோடையில் ஏற்பட்ட அந்தச் சேதம் அப்போது வெளியே தெரிவதில்லை, ஏனெனில் சூட்டில் எஞ்சின் எளிதாகக் கிளம்பிவிடுகிறது. குளிர்காலத்தில் இரண்டும் ஒருசேர நிகழ்கின்றன: வேதிவினை மந்தமாகி பேட்டரி தரும் ஆற்றல் குறைகிறது, எஞ்சின் எண்ணெய் கெட்டிப்பட்டு ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்கும் மின்னோட்டம் கூடுகிறது. குளிர் தேர்வு வைக்கிறது. தோல்விக்கான காரணம் கோடையிலேயே விதைக்கப்பட்டது.

இரண்டாவது மாயை ‘பராமரிப்பு தேவையற்றது’ என்ற விளம்பரச் சொல். அதன் உண்மைப் பொருள் மிகக் குறுகியது. தகடுகளில் ஆன்டிமனிக்குப் பதிலாகக் கால்சியம் கலந்த ஈயத்தைப் பயன்படுத்துவதால் வாயு வெளியேற்றமும் நீர் இழப்பும் குறைகின்றன. அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியதில்லை. அவ்வளவே. முனைகளில் படியும் வெண்ணீலப் பொடியை அச்சொல் துடைத்துவிடாது; பாதி மின்னேற்றத்தில் வாரக்கணக்கில் நிற்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்படுவதையும் தடுத்துவிடாது. குடியிருப்பிலிருந்து துறைக்கட்டடம் வரை இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் கார், கிளப்பச் செலவழித்த மின்சாரத்தைக்கூட மீட்பது அரிது. பனிக்காலத்தில் முகப்பு விளக்கும், மின்விசிறியும், பின்கண்ணாடியின் பனிநீக்கியும் சேர்ந்துகொண்டால் கணக்கு இன்னும் இறங்குமுகம்தான். நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டுவது இதற்குப் பரிகாரமாகாது. வாரத்திற்கு ஒருமுறையேனும் அரைமணிக்குக் குறையாமல் சாலையில் ஓட்ட வேண்டும், அல்லது சார்ஜரில் இணைக்க வேண்டும்.

மூன்றாவது மாயை கடையில் காத்திருக்கிறது. வாங்குவோர் கேட்கும் ஒரே கேள்வி, “எத்தனை மாத வாரண்டி?” அந்த மாதங்களில் முற்பகுதிக்கே இலவச மாற்று, பிற்பகுதிக்குக் கிடைப்பது புதிய பேட்டரியின் விலையில் ஒரு தள்ளுபடி மட்டுமே. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கார்க் கையேடு கூறும் ஆம்பியர்-மணித் திறனும் அளவும் பொருந்துகின்றனவா? நேர்முனை உரிய பக்கத்தில் உள்ளதா? உற்பத்தித் தேதி எது? அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த ‘புதிய’ பேட்டரி தன்னாலேயே மின்னிறங்கியிருக்கும். சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்பும் கார்களுக்கு அதற்கென அமைந்த பேட்டரியே வேண்டும். சாதாரணமானது அங்கு நீடிக்காது. சிம்லாவிலோ லேயிலோ வாழ்பவர் குளிர்நிலைக் கிளப்புத் திறனையும் கேட்க வேண்டும்: கழியம் 18 டிகிரியில், 30 விநாடிகள், 7.2 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் தரக்கூடிய ஆம்பியர் எண் அது.

லடாக்கில் இந்த அறியாமைக்கு விலை இன்னும் அதிகம். முழு மின்னேற்றம் கொண்ட பேட்டரியின் அமிலம் கழியம் 50 டிகிரிக்கும் கீழேதான் உறையும். முற்றிலும் மின்னிறங்கியதன் கரைசல் நீருக்கு நெருங்கிவிடுவதால், கழியம் 10 டிகிரியை எட்டுமுன்பே உறையலாம். பெட்டி வெடித்துப் பிளக்கலாம். உறைந்த பேட்டரிக்கு மின்னேற்றுவதும், வேறு காரிலிருந்து கம்பி இழுப்பதும் ஆபத்து. அங்கே கம்பளப் போர்வையைவிட முழு மின்னேற்றமே பேட்டரிக்குக் காவல்.

“கார் வைத்திருப்போரின் சில்லறைக் கவலை இது, அறிவுலகம் பேசத் தக்கதா?” என்று கேட்போர் உண்டு. விடை, பழைய பேட்டரி எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. அதன் எடையில் பாதிக்கும் மேல் ஈயம். காலத்திற்கு முன் செத்த ஒவ்வொரு பேட்டரியும் கூடுதல் விலை தரும் காயலான் கடைக்கும், அங்கிருந்து ஊருக்கு வெளியே திறந்தவெளி உலைக்கும் போகக்கூடியது. அங்கே அமிலம் மண்ணில் கொட்டப்படுகிறது; புகையைச் சுவாசிப்பவர் காரில் ஏறியறியாத தொழிலாளி; தூசியில் விளையாடுவது அவருடைய குழந்தை. யுனிசெஃபும் பியூர் எர்த்தும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவரின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. அத்தகைய குழந்தைகளின் எண்ணிக்கை மிக அதிகமாக உள்ள நாடு இந்தியா. முறையற்ற பேட்டரி மறுசுழற்சியை முக்கியக் காரணங்களுள் ஒன்றாக அது சுட்டியது. பழையதைத் திரும்பப் பெறுவதற்கு 2001 முதல் விதிகள் உண்டு. 2022ஆம் ஆண்டின் விதிகள் சேகரிப்பையும் மறுசுழற்சியையும் உற்பத்தியாளரின் கடமையாக்கின. ஆனால் எந்த விதியும், இருநூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதென்று பழையதைத் தெருவில் விற்கும் கல்விமானின் கையைப் பிடித்துத் தடுப்பதில்லை.

செய்ய வேண்டியவை அரிய கலையல்ல. கார் இரவு முழுதும் நின்ற பின் மல்ட்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.4க்குக் கீழே என்றால் மின்னேற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையே நிற்பது பொதுவாக நலம். மூடி திறக்கும் வகையில் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்நீரும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். முனைகளைத் துப்புரவாக்கி வாஸ்லின் தடவ வேண்டும். கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது அதுவே கடைசியில். இவற்றுக்கு உரிய காலம் டிசம்பர் அல்ல. கோடை முடிந்த கையோடு செப்டம்பர், அக்டோபரிலேயே சோதித்துவிட வேண்டும்.

பட்டறைப் பையனுக்குத் தெரிந்ததைப் பட்டதாரி அறியாதிருப்பது நம் கல்வியில் இழுக்காக எண்ணப்படுவதில்லை. பல வேளைகளில் தகுதியாகவே கருதப்படுகிறது. அந்த அலட்சியத்தின் கழிவுதான் ஈயமாக இன்னொருவர் குழந்தையின் இரத்தத்தில் சேர்கிறது.